கருவி ஏந்திய கை

ஒருவரைப் படமாக எழுதப் புகும் ஓவியனுக்கு முகத்தினும் மிகுந்த தொல்லை தருவது கை. முகத்தை உள்ளவாறு எழுதிவிட்டால் இன்னார் என்பது விளங்கிவிடும். கையை எங்கே வைப்பது? அதில் எதைக் கொடுப்பது? அரசனாயின் வாள், அறிஞராயின் புத்தகம், அரசியாயின் ஒரு மலர் என்று வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. ஓவியன் தன்னைத்தானே எழுதிக்கொள்ளும்போது மட்டும் இவ்வழக்கம் சங்கடத்தில் மாட்டிக்கொள்கிறது. அவன் கையில் மெய்யாகவே இருப்பது தூரிகை. அதைக் காட்டுவதா, மறைப்பதா?

இக்கேள்வி ஓவியம் பயில்வோர்க்கு மாத்திரம் உரியதென்று தள்ளிவிடலாகாது என்பது எமது கருத்து. உழைக்கும் கையை ஒரு சமுதாயம் எவ்வளவு மதிக்கிறது என்பதைப் படங்களில் உள்ள கருவிகளைக் கொண்டும், அவற்றில் இல்லாத கருவிகளைக் கொண்டும் அளந்துவிடலாம்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஜவ்வாது மலையில் பிறந்து செங்கத்தின் வழியே ஓடிவரும் செய்யாற்றின் கரையே போதும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இந்நிலத்தைப் பற்றிய பாட்டு. செங்கண்மாத்துத் தலைவனான நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் முறையில் பெருங்கௌசிகனார் அதனைப் பாடினார். அப்பாட்டு மலையோடு தொடங்கவில்லை, மன்னனோடும் தொடங்கவில்லை. கூத்தர் சுமந்து செல்லும் இசைக்கருவிகளோடு தொடங்குகிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, அவற்றைப் பையிலிட்டுச் சுமந்து செல்லும் காட்சியைக் கார்காலத்துப் பலாமரத்தில் கொத்தாகத் தொங்கும் காய்களுக்குப் புலவர் ஒப்பிடுகிறார். ஜவ்வாது மலையில் காய்த்து நிற்கும் பலாவைக் கண்டவர்கள் இவ்வுவமையின் பொருத்தத்தை உடனே உணர்வார்கள். கலைஞனை அவன் கருவியைக் கொண்டே எழுதிக் காட்டிய சொல்லோவியம் இது.

ஆயினும் அக்கூத்தர் யாவர்? தலைவன் பெயர் உண்டு; புலவர் பெயர் உண்டு; கருவிகளின் பெயர் வரிசையாக உண்டு. அவற்றைச் சுமந்தவருள் ஒருவர் பெயரேனும் இல்லை.

அதே பாட்டு, கூத்தர் செல்லும் வழியில் வீரர்களின் பெயரோடு நட்ட கற்கள் மிகப் பல உள என்றும் கூறுகிறது. அது புனைந்துரையன்று. செங்கத்தைச் சுற்றிலும் பல்லவர் காலத்து நடுகற்கள் வயலிலும் ஏரிக்கரையிலும் நிற்கின்றன. தமிழ்நாட்டு அரசின் தொல்பொருள் ஆய்வுத்துறை அவற்றைத் தேடிப் படியெடுத்து, திரு. இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக வெளியிட்டது. பெரும்பாலான கற்களில் வீரன் ஒரு கையில் வில்லும் மறுகையில் வாளும் ஏந்தி நிற்பான். சிலவற்றில் அவன் மேல் அம்பு தைத்திருக்கும். காலருகே கெண்டியும் சிமிழும் காட்டப்படுவது உண்டு. மேலே வட்டெழுத்தில் ஆண்டும், மன்னன் பெயரும், எந்தப் பூசலில் எவன் பட்டான் என்பதும் பொறித்திருக்கும்.

இவற்றுள் எடுத்தனூர்க் கல் பலராலும் பேசப்படுவது. மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கும் பூசலில் பட்டான். அவனுடைய நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது. வீரனைச் செதுக்கிய சிற்பி நாயையும் அருகே செதுக்கினான். கோவிவன் என்ற அதன் பெயரையும் எழுதினார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது. அந்த நாயைக் கல்லில் நிறுத்தியவன் பெயர் தெரியவில்லை. அவன் உளியும் அக்கல்லில் இல்லை.

வில்லேந்தியவனுக்குக் கல் எடுப்பதே நோக்கமாதலின் அங்கே உளிக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். நேர்மையான வினாவே. ஆனால் தொல்காப்பியர் இவ்வழக்கத்தை வகுத்த முறையைப் பாருங்கள். கல்லைத் தேர்ந்து காண்பது காட்சி, அதனைக் கொணரத் தொடங்குவது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, பின் நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று துறைகள் செல்கின்றன. கண்டவன், கொண்டவன், நீராட்டியவன், நட்டவன், படைத்தவன், வாழ்த்தியவன் ஆகிய அனைவர்க்கும் இலக்கணத்தில் இடம் இருக்கிறது. செதுக்கியவனுக்கென்று தனித்துறை ஒன்று இல்லை. அகநானூற்றில் நடுகல்லின் எழுத்தைச் சொல்லுமிடத்துக் கூரிய உளி ஒருமுறை பளிச்சென்று தோன்றுகிறது. அதைப் பிடித்த கை அங்கும் நிழலிலேயே நிற்கிறது.

எடுத்தனூர்க் கல் எழுந்த காலத்து மன்னனோ, சித்திரகாரப்புலி என்று பட்டம் சூட்டிக்கொண்டவன்! ஓவியருள் புலி என்று ஓர் அரசன் தன்னைச் சொல்லிக்கொள்வது உலக வரலாற்றில் அரிய செய்தி. மாமல்லபுரத்து ஆதிவராகக் குகையில் அவனுடையது என்று கொள்ளப்படும் உருவம் இரு தேவியரோடு நிற்கிறது. ஒரு கை தேவியைப் பற்றியிருக்கிறது. மற்றொரு கை எதையோ சுட்டுகிறது. இரண்டில் ஒன்றிலும் தூரிகை இல்லை. பட்டத்தில் ஏறிய தொழில் படத்தில் ஏறவில்லை.

நிற்க. மேனாட்டார் இதில் நம்மினும் முந்தியவர் என்று எண்ணிவிட வேண்டா. அவர்களும் நெடுநாள் தயங்கியவர்களே. ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1498இல் தம்மை எழுதிக்கொண்ட படம் மாட்ரிட் நகரில் உள்ளது. அதில் அவர் சீமானைப்போல் உடுத்து, கைகளில் உறை அணிந்து காணப்படுகிறார். தம் காலத்தில் இணையற்ற கை என்று போற்றப்பட்ட கையை அவரே உறையிட்டு மறைத்தார். என்னை? கைத்தொழிலாளன் என்று உலகம் தம்மை எண்ணிவிடலாகாது என்ற கவலையே காரணம் என்று கொள்வது தவறாகாது.

அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1548இல், நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த காதரினா வான் ஹெமெஸ்ஸன் என்னும் இருபது வயதுப் பெண் சிறிய பலகையொன்றில் தம்மை எழுதினார். சட்டத்தில் பலகை நிற்கிறது, இடக்கையில் வண்ணத்தட்டும் தூரிகைகளும், கை நடுங்காதிருக்க ஊன்றும் கோலும் இருக்கின்றன, வலக்கை எழுதிக்கொண்டிருக்கிறது. தம் பெயரையும் வயதையும் ஆண்டையும் படத்திலேயே பொறித்துவிட்டார். ஓவியர் ஒருவர் வேலை செய்யும் நிலையிலேயே தம்மை எழுதிக்கொண்ட படங்களுள் இது மிகப் பழையவற்றுள் ஒன்று. பெண்ணால் எழுத இயலுமா என்று ஐயுற்ற உலகத்துக்கு, எழுதும் கையையே காட்டியதைவிடத் தெளிவான விடை வேறென்ன இருக்க முடியும்?

எனினும் இப்பொருளில் நெஞ்சை மிகவும் உறுத்துவது ஸ்பெயின் நாட்டு வெலாஸ்கெஸின் கதை. 1656இல் அவர் எழுதிய பெரும் படத்தில் இளவரசி நடுவே நிற்கிறாள். தோழியரும் குள்ளரும் நாயும் சூழ்ந்திருக்கின்றனர். அரசனும் அரசியும் பின்சுவரிலுள்ள கண்ணாடியில் மங்கலாகத் தோன்றுகிறார்கள். இத்தனை பேருக்கும் இடையே, ஆளுயரத் துணிச்சட்டத்தின் முன், வண்ணத்தட்டும் நீண்ட தூரிகையும் ஏந்தி ஓவியர் நிமிர்ந்து நிற்கிறார். அரசரும் நிழலாகிவிட்ட அவையில் தூரிகைக்கு இவ்வளவு தெளிவான இடம். பார்ப்போர் இதனைத் தொழிலின் வெற்றி என்று கொண்டாடுவது இயல்பு.

ஆனால் அவர் மார்பில் ஒரு செஞ்சிலுவை இருக்கிறதே, அதன் வரலாற்றையும் கேளுங்கள். அது சாந்தியாகோ வீரர் குழுவின் அடையாளம். அக்குழுவில் சேர விரும்பியவர் நற்குடிப் பிறப்பினர் என்பதோடு, கைத்தொழில் செய்து கூலி பெற்று வாழ்ந்தவரல்லர் என்பதும் விசாரணையில் நிலைநாட்டப்பட வேண்டும். வெலாஸ்கெஸுக்காக அவர் நண்பர்களும் உடன் ஓவியர்களும் சாட்சி சொன்னார்கள். இவர் படம் விற்றுப் பிழைத்தவர் அல்லர், கடை வைத்தவர் அல்லர், அரசன் மகிழ்வதற்காக எழுதியவர் என்பது அச்சாட்சியத்தின் சாரம். 1659இல் அவர் குழுவில் சேர்க்கப்பட்டார். மறு ஆண்டே இறந்தார். படம் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின்னரே சிலுவை அதில் தீட்டப்பட்டது. மன்னரே தம் கையால் தீட்டினார் என்று ஒரு கதையும் வழங்குகிறது. ஆகவே அந்த ஒரே உருவத்தில் இரண்டு வாக்குமூலங்கள் எதிரெதிராக நிற்கின்றன. கை சொல்கிறது, யான் ஓவியன் என்று. மார்பு சொல்கிறது, யான் அதனால் பிழைத்தவனல்லன் என்று. அவ்வளவு பெரிய கலைஞனுக்கும் கையை மறுத்தே மார்பில் பெருமை கிடைத்தது.

ஓலாந்து நாட்டு ரெம்பிராண்டுக்கு மறைக்கத்தக்க மார்புப் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. 1656இல் கடனால் நொடித்துப்போன அவர், தம் இறுதி ஆண்டுகளில் எழுதிய தற்படம் ஒன்றில் வண்ணத்தட்டும் தூரிகைகளும் ஊன்றுகோலும் ஏந்தி நிற்கிறார். முகம் நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. கையோ சில விரைந்த கீற்றுகளே. விரல் எங்கே முடிகிறது, தூரிகை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய இயலாது. அதனை முடிவுபெறாத படம் என்போர் உளர். எமக்கு அது முடிந்த படமாகவே தோன்றுகிறது.

நம் நாட்டில் ஜஹாங்கீர் பாதுஷாவின் காலத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. அக்பருக்காக எழுதப்பட்ட நிஜாமியின் காவியப் பிரதி ஒன்றின் இறுதியில், எழுத்தர் அப்துல் ரஹீமும் ஓவியர் தௌலத்தும் எதிரெதிரே அமர்ந்து தத்தம் வேலையைச் செய்வதாக ஒரு சிறு படம் சேர்க்கப்பட்டது. பேரரசரின் நூலில் கடைசியாக நிற்பவர்கள் பேனா பிடித்தவரும் தூரிகை பிடித்தவருமே. அவர்கள் பெயரும் நமக்குத் தெரியும். தஞ்சைப் பெரிய கோயிலிலோ, குஞ்சரமல்லன் என்னும் இராசராசப் பெருந்தச்சன் பெயர் கல்வெட்டில் இடம் பெற்றது. அது பெரும்பேறே. 1931இல் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி நாயக்கர் காலத்துப் பூச்சின் கீழே கண்டறிந்த சோழர் ஓவியங்களை எழுதியவர் எவரென்பது இன்றளவும் விளங்கவில்லை.

இனி, நம் மாணாக்கர் அனைவரும் நாள்தோறும் காணும் ஒரு படத்துக்கு வருவோம். வேணுகோபால் சர்மா எழுதி, 1964இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் திறந்து வைக்கப்பட்ட திருவள்ளுவர் படத்தையே குறிக்கிறோம். ஒரு கையில் ஏடு. மற்றொரு கையில் எழுத்தாணி. கருவி ஏந்திய கலைஞரின் படம் என்றால் தமிழர்க்கு முதலில் நினைவுக்கு வரவேண்டியது இதுவே. எழுத்தாணியைத் திருமேனியோடு சேர்த்து வணங்கும் பேறு எத்தனை நாட்டுப் புலவர்க்கு வாய்த்தது! இதில் நாம் பெருமிதம் கொள்வது தகும்.

ஆயினும் செவிவழிக் கதை வள்ளுவரை நெசவாளர் என்றே கூறுகிறது. மயிலையில் தறி நெய்து வாழ்ந்தார் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கதை மெய்யோ பொய்யோ, அதனை நாம் மறுத்ததில்லை. விரும்பியே சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் படம் எழுத நேர்ந்தபோது எழுத்தாணி வந்தது, தறி வரவில்லை. வடநாட்டில் கபீர்தாசரைத் தறியின் முன் அமர்த்தி எழுதிய பழைய படங்கள் உள்ளன. அவர் பாடியதும் நெய்ததும் ஒரே கை என்று அப்படங்கள் கூசாமல் கூறுகின்றன. சர்மாவின் படத்தைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. அவர் தமிழ் மக்களின் உள்ளத்திலிருந்த வள்ளுவரையே எழுதினார். நம் உள்ளத்தில் தறிக்கு இடம் இருந்திருப்பின் அவர் துணியிலும் இருந்திருக்கும்.

இவ்வளவும் படித்தபின், அனைவர் கையிலும் அவரவர் கருவியைக் கொடுத்து எழுதிவிட்டால் குறை தீர்ந்தது என்று யாரேனும் முடிவு கட்டுவாராயின், அவரைச் சற்றே நிறுத்த விரும்புகிறோம். அவ்வாறு எழுதிய படங்கள் நம் நாட்டில் ஆயிரக்கணக்கில் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் ஆங்கிலேயருக்கு விற்பதற்கென்று சாதிகளையும் தொழில்களையும் தொகுதி தொகுதியாக எழுதினார்கள். காகிதத்திலும் மைக்காத் தகட்டிலும் எழுதப்பட்ட அவற்றில், குயவனும் மனைவியும் சக்கரத்தோடும், தச்சனும் மனைவியும் வாய்ச்சியோடும், வண்ணானும் மனைவியும் மூட்டையோடும் நிற்பார்கள். கருவி தெளிவாக இருக்கும். முகம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றே. அடியில் சாதிப்பெயர் உண்டு. ஆளின் பெயர் இல்லை. அங்கே கருவி மாலையன்று. கழுத்தில் தொங்கவிட்ட சீட்டு.

அதன் பின் நிழற்படக் கருவி வந்தது. 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் மலையாளி மக்களைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. காஞ்சியிலிருந்து மலையேறி வந்தோம் என்னும் வரலாற்றை இன்றும் சொல்லும் அம்மக்களே ஜவ்வாது மலையில் வாழ்பவர்கள். அத்தகைய நூல்களில் படம் பிடிக்கப்பட்டோர்க்குப் பெரும்பாலும் குடியின் பெயரே பெயர்.

ஆகவே எமது துணிபு இது. பெயரோடு கூடிய கருவி ஒருவனை உயர்த்தும். பெயரை இழந்த கருவி அவனை வகைப்படுத்தும். எடுத்தனூர் வீரனின் வில் அவனுடைய வில்; அவன் பெயர் அதன் மேலே நிற்கிறது. காதரினாவின் தூரிகை காதரினாவின் தூரிகை. தஞ்சைத் தொகுதியில் உள்ள வாய்ச்சியோ எந்தத் தச்சனுடையதும் அன்று.

பெயரும் உருவமும் இரண்டும் நீங்கிக் கருவி மட்டுமே எஞ்சிய நிலையும் ஜவ்வாது மலையில் உண்டு. புதிய கற்காலத்து மக்கள் தேய்த்து வழவழப்பாக்கிய கற்கோடரிகள் அங்குள்ள நிலங்களில் கிடைக்கின்றன. மலையூர்கள் சிலவற்றில் அவற்றை மரத்தடியில் வரிசையாக வைத்துத் தெய்வமாக வழிபடுகிறார்கள். காடு திருத்திய கோடரி கடவுளாகிவிட்டது. சமவெளியிலுள்ள நாமும் ஆண்டுக்கொருமுறை அரிவாளுக்கும் அச்சியந்திரத்துக்கும் சந்தனம் பூசிப் பொட்டு வைக்கிறோம். கருவியை வணங்குவதில் நம்மை வெல்வார் இல்லை. மறுநாள் அக்கருவியை எடுப்பவனை நாம் எப்படி அழைக்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் கலாசாலை மண்டபத்துக்கு வருவோம். அங்கே தொங்கும் படங்களில் உள்ளோர் அனைவரும் போற்றத்தக்கவர்களே. எல்லோர் கையிலும் புத்தகம். தோளில் பட்ட அங்கி. பட்டமளிப்பு நாளன்று நம் மாணாக்கரும் வாடகை அங்கி அணிந்து, சுருட்டிய காகிதம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிழற்படத்துக்கு நிற்கிறார்கள். அவர்களுள் மலையிலிருந்து இறங்கி வந்து, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கலாசாலை வாயில் மிதித்தோரும் உளர். சாமை விதைத்தும் தேன் எடுத்தும் பலாச்சுளை விற்றும் அவர்களைப் படிக்கவைத்த பெற்றோர் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கிறார்கள், படத்தில் நிற்பதில்லை. சில சமயம் மாணாக்கரே அவர்களை அழைக்கத் தயங்குவதைக் கண்டிருக்கிறோம். அத்தயக்கத்துக்கு அவர்களை மாத்திரம் நோவது முறையன்று. கை வேலைக்கு இடமில்லாத சுவர்களின் நடுவே மூன்றாண்டு படித்தவர்கள் அவர்கள்.

சென்னைக் கடற்கரையில், ஓவியக் கல்லூரியின் தலைவராயிருந்த ராய் சௌதுரி வடித்த உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கிறது. நால்வர் கடப்பாறையோடு பாறையைப் பெயர்க்கிறார்கள். அதன் ஆற்றலை மறுப்பார் யாவர்? ஆனால் அவர்கள் உழைப்பு என்னும் கருத்துக்கு உருவமாக நிற்பவர்கள். நாம் வேண்டுவது அதனினும் சிறிய காரியம். கலாசாலையின் ஓவியக் கழகத்தார் வரும் ஆண்டில் மூன்று படங்கள் எழுத வேண்டும். முப்பதாண்டுகளாக நம் நூலகத்துப் புத்தகங்களுக்குக் கட்டடம் கட்டிவரும் பெரியவரை ஊசியும் நூலும் பசைக்கிண்ணமுமாக எழுதுக. விடுதி அடுக்களையில் நாள்தோறும் விடியுமுன் அடுப்பு மூட்டும் அம்மையாரை எழுதுக. மூன்றாவதாக, அப்படங்களை எழுதும் மாணாக்கரே தம்மைத் தூரிகையோடு எழுதிக்கொள்க. மூன்றின் அடியிலும் தந்தை பெயர், ஊர்ப்பெயரோடு முழுப்பெயரும் ஆண்டும் பொறித்து, முன்னாள் தலைவர்களின் வரிசையிலேயே மாட்டுக. பின்கட்டில் அன்று.

ஒன்றை மட்டும் மறவாதிருக்க வேண்டும். எக்கருவியோடு எழுதுவது என்பதை ஓவியன் தானே முடிவு செய்துவிடலாகாது. எழுதப்படுபவரையே முதலில் கேட்க வேண்டும். அடுக்களை அம்மையார், அகப்பையை அப்பால் வைத்துவிட்டு, மகள் படித்த புத்தகத்தை மடியில் வைத்து எழுது தம்பி என்பாராயின், புத்தகத்தையே எழுதுக.